கேழ்வரகுக் கூழில் தேன்

செவ்வாய் இரவு, பிரிக்பீல்ட்ஸ்

வேலை முடிந்து வந்து மகனின் கூழ்க் கிண்ணத்தைக் கழுவும்போது தேன் வாசனை அடித்தது. அவனுக்கு ஏழு மாதம்தான்.

“நீதானம்மா சீனி போடாதீங்கன்னு சொன்ன, அதான் தேன் கலந்தேன்” என்றார் அத்தை. ஒரு வயதுவரை தேனும் ஆகாது, அதில் இருக்கக்கூடிய கிருமி குழந்தையின் உடம்பையே தளர்த்திவிடும் என்று நான் சொல்லியிருக்கவில்லை.

கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். “இப்ப நல்லாத்தான் இருக்கான். கொஞ்ச வாரம் கவனமா பாருங்க. மலச்சிக்கல் வந்தாலோ, அழுற சத்தம் குறைஞ்சாலோ, பால் சரியா குடிக்கலன்னாலோ உடனே ஹாஸ்பிட்டல் போயிருங்க” என்றார் டாக்டர்.

அத்தை இன்னும் சாப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

ஒரு ராத்திரியாவது அழாமல் தூங்கமாட்டானா என்று நேற்றுவரை ஏங்கினேன். இன்று அழாமல் தூங்குகிறான். கிள்ளி எழுப்பலாமா என்று அவன் தொடைவரை கையைக் கொண்டுபோய், எடுத்துவிட்டேன்.