நீ சொல்கிற 'அவர்'

அன்புள்ள என் மனைவிக்கு,

நீயாக இருந்தால் 'கர்த்தருக்குள் பிரியமான' என்று தொடங்குவாய். எனக்கும் அவருக்கும் இப்போது பேச்சுவார்த்தை சரியில்லை. அதனால் வெறும் அன்போடு தொடங்குகிறேன்.

நானும் மகளும் சுகம். கணக்கில் எப்படியோ தேறிவிட்டாள். மழைக்காலம் என்பதால் ஃபிரிட்ஜ் பழுது பார்க்கக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. உன் அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது.

போனில் கேட்டால் "நல்லாத்தான் இருக்கேங்க" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். போன ஞாயிறு மகளைக் கூட்டிவர சர்ச் வாசலில் வண்டியோடு நின்றேன். வழக்கம்போல உள்ளே போகவில்லை. ஒலிபெருக்கியில் போதகர் ஜெபித்துக்கொண்டிருந்தார். வெளிநாட்டில் வேலை செய்யும் நம் சகோதரியின் வெந்துபோன கை சீக்கிரம் ஆற வேண்டும் என்றார். பாவம், யாரோ என்று நானும் 'ஆமென்' சொன்னேன். அதற்குப் பிறகுதான் உன் பெயரைச் சொன்னார்.

மகளிடம் கேட்டேன். "இஸ்திரிப் பெட்டி பட்டுடுச்சாம்ப்பா. உங்ககிட்ட சொல்ல வேணாம்னு அம்மா சொன்னாங்க" என்றாள். கட்டுப் போட்ட கையோடு அன்றைக்கும் நீ வேலை பார்க்கிற வீட்டு வயதான அம்மாவைக் குளிப்பாட்டினாயாம். ஞாயிறு லீவு இல்லாததால் துணி துவைக்கும் அறையில், மெஷின் ஓடுகிற சத்தத்தில், முழங்கால் போட்டுப் பாடுவாயாம். பயமாக இல்லையா என்று இவள் கேட்டதற்கு "அவர் பாத்துப்பாரு" என்றாயாம்.

அதுதான் தைத்தது. கல்யாணமான புதிதில் கூரை ஒழுகினாலும், வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொன்னாலும், எல்லாரிடமும் நீ "அவர் பாத்துப்பாரு" என்றுதான் சொல்வாய். அப்போது 'அவர்' என்றால் நான். எப்போது ஆள் மாறியது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

பொறாமைதான். சிரிக்காதே. பக்கத்து வீட்டுக்காரன் என்றால் சட்டையைப் பிடித்துக் கேட்டிருப்பேன். இவர்மேல் பொறாமைப்படுகிறவன் எங்கே போய் முறையிடுவது?

அவரிடமே போனேன். கூட்டம் கலைந்ததும் உள்ளே போய், நீ எப்போதும் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவைப் பூட்ட வந்த போதகர், "யாரையாவது பாக்கணுமா தம்பி?" என்றார். "உள்ள இருக்கிறவரைத்தான்" என்றேன். சாவியை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

திட்டத்தான் போனேன். உமக்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள், எனக்கு இவள் ஒருத்திதானே என்றேன். ஆனால் திட்டிக்கொண்டே இருந்தவன், கை ஆறணும், தழும்பு விழக்கூடாது, அந்த வீட்டில் அவளை மரியாதையாக நடத்தணும் என்று கேட்க ஆரம்பித்திருந்தேன். நீ கூப்பிட்டால் நான் விமானம் ஏறித்தான் வர வேண்டும். அவரோ அந்த மெஷின் பக்கத்திலேயே இருக்கிறார். நினைத்தால் வயிறு எரிகிறது. என்றாலும் அந்த அறையில் நீ தனியாக இல்லை என்பதில் கொஞ்சம் தூக்கம் வருகிறது.

கோபம் இன்னும் தீரவில்லை. வருகிற ஞாயிறும் போவேன், மிச்சத்தைச் சொல்ல.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வலித்தால் முதலில் அவரிடமே சொல். அதற்கு நான் சண்டை பிடிக்கவில்லை. அடுத்ததாக எனக்குச் சொல். போதகர், சபை, மகள் எல்லாரும் அதற்குப் பிறகுதான். இரண்டாவது ஆளாக இருக்கச் சம்மதிக்கிறேன், கடைசி ஆளாக இருக்க என்னால் முடியாது.

கையை ஈரத்தில் வைக்காதே. கர்த்தர் உன்னோடு இருப்பாராக. எனக்கும் அங்கே இருக்க ஆசைதான்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்