மீன் இல்லாமல் ஓடிய தொட்டி

என் பிரியமுள்ள அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. நினைவு நாள் நோட்டீஸ் அடிக்க மாமா உங்கள் படத்தைக் கேட்டார், கொடுத்தேன். கண்ணீர் வரிகளை அச்சகத்தில் அவர்களே போட்டுவிடுவார்களாம். எனக்கு எழுத வேண்டியது வேறு. நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது, உங்களுக்குத் தெரியும். அதனால் இதை எழுதி நம் கடையில், கடல் மீன் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டப்போகிறேன். வருகிறவர்கள் படிக்கட்டும்.

கப்பியும் தங்க மீனும் விற்கிற கடையில் கடல் மீன் வைக்க வேண்டும் என்று உங்களுக்கு எத்தனை நாள் ஆசை! கொச்சியிலிருந்து பைகளில் மீன் வந்து இறங்கிய அந்த வெள்ளிக்கிழமை, நல்ல நேரம் முடிவதற்குள் விட்டாக வேண்டும் என்று வந்த வேகத்திலேயே தொட்டிக்குள் விட்டீர்கள். கண்ணாடிக்குச் சந்தனம் வைத்து, சூடம் காட்டினோம். வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு நிறக் கோமாளி மீனைப் பார்க்கத் தெருவே வந்து நின்றது.

புது மீனை முதலில் தனியாக வைத்துப் பார்க்க வேண்டும் என்று நம்மில் யாருக்குத் தெரியும்? ஒரு மீனின் உடம்பில் ரவை தூவினது போல வெள்ளைப் புள்ளிகள் வந்தன, மீனில் ஒட்டி வாழ்கிற ஒரு பூச்சியால். கப்பிக்குப் போடுகிற மாதிரியே கல்லுப்பு போட்டீர்கள். கடலில் வாழ்கிற பூச்சிக்கு உப்பு மருந்தாகுமா அப்பா? புள்ளிகள் தானாக மறைந்தன. குணமாகிவிட்டது என்று சந்தோஷத்தில் எங்களுக்குப் பரோட்டா வாங்கி வந்தீர்கள். பூச்சி அப்போது மீனை விட்டு இறங்கி, தொட்டியின் அடி மணலில் பெருகிக்கொண்டிருந்தது. திரும்பி ஏறியபோது கூட்டமாக ஏறியது. மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. கோமாளியும் ஒரு குட்டி நீல மீனும்தான் மிச்சம்.

அந்த வாரத்திலேயே உங்களுக்கு நெஞ்சுவலி வந்தது.

துக்கத்துக்கு வந்தவர்கள் உங்கள் கால்மாட்டில் உட்கார்ந்தே பேசினார்கள். "கடல் மீனு வீட்டுக்கு ஆகாதுன்னு அப்பவே சொன்னாக. கேட்டாத்தான? மீனு போன வழியே மனுசனும் போயிட்டாக." அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். உங்கள் சாவை நீங்களே கொச்சியிலிருந்து வாங்கி வந்ததாக ஆக்கிவிட்டார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கருமாதி முடிந்ததும் மாமா வாளியோடு வந்தார், தொட்டியைக் காலி பண்ண. நான் தொட்டியை மறைத்து நின்றேன்.

"தள்ளு ஆத்தா."

நான் நகரவில்லை.

"யக்கா, ஒம் மக என்ன கல்லாட்டம் நிக்கிறா?"

அம்மா என்னையே பார்த்தாள். "நிக்கட்டும், விடு" என்றாள்.

மறுநாள் டெலிபோன் பூத்திலிருந்து கொச்சி மொத்த வியாபாரிக்குப் பேசினேன். ஆம் அப்பா, நான்தான். குரல் வராமல் முதல் தடவை வைத்தேவிட்டேன். இரண்டாம் தடவை அவர், "மோளே, பதுக்கப் பற" என்றார். அவர் கேட்டபடியே மெதுவாக எல்லாம் சொன்னேன். அவர் வழி சொன்னார். உயிரோடிருக்கிற மீன்களை வேறு டப்பில் வைத்துத் தாமிர மருந்து கொடுக்க வேண்டும். பெரிய தொட்டி இரண்டு மாதத்துக்கும் மேல் மீனே இல்லாமல் ஓட வேண்டும். ஒட்டிக்கொள்ள மீன் கிடைக்காமல் பூச்சி செத்துப்போகும் என்றார்.

அப்படியே செய்தேன். கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் நல்ல வேடிக்கை. "என்னப்பா, தண்ணிய விக்கிறாகளா?" அம்மாகூட, "வெறுந்தொட்டியில எதுக்கு லைட்டு எரியணும், அணைச்சிரு செல்வி" என்றாள். அணைக்கவில்லை.

ஒரு நாள் மாமா திராட்சைத் தோட்டத்திலிருந்து நேராக வந்தார். கையெல்லாம் நீலம். ஒரு பொட்டலத்தை மேசையில் வைத்தார்.

"தாமிரந்தான மருந்து? கொடிக்கு அடிக்கிற மயில்துத்தமும் அதான். ஒரு கை அள்ளிப் போடு, இன்னைக்கே சோலி முடிஞ்சிரும்."

"மீனோட சோலியும் முடிஞ்சிரும் மாமா. சொட்டுச் சொட்டாத்தான் விடணும். தெனமும் தண்ணிய சோதிச்சுப் பாக்கணும்."

"சரி, அந்த வெறுந்தொட்டிக்கு எதுக்கு மோட்டாரு? ஒம்போதாவதோட நின்னவளுக்கு வந்த ரோசத்தப் பாரு!"

எனக்குக் காது சுட்டது. ஆனாலும் கேட்டுவிட்டேன். "கவாத்து வெட்டின பந்தல்ல ஒரு எல இருக்கா? அதுக்கு நீங்க தண்ணி பாய்ச்சுறீகளா இல்லையா?"

மாமா பொட்டலத்தை எடுத்து மடியில் கட்டிக்கொண்டார். அடுத்த தடவை கரண்டு போனபோது, டிராக்டர் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்து மோட்டாருக்குக் கொடுத்தவரும் அவர்தான். "வெறுந்தொட்டிக்கு வந்த வாழ்வு" என்று முனகிக்கொண்டேதான் கொடுத்தார்.

அவர் சொன்ன கெடு முடிந்து மீன்களைத் திரும்ப விட்டது ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்று மணிக்கு மேல். கரண்டு அப்போதுதான் வந்தது, தண்ணீரும் சரியாக இருந்தது. "ராகு காலம் போகட்டும்டி" என்று அம்மா கையைப் பிடித்தாள். "நல்ல நேரத்துல விட்டதுதாம்மா செத்துச்சு" என்றேன். அம்மா கையை எடுத்துவிட்டாள். கோமாளி நேராகப் போய்த் தன் பழைய பாறை இடுக்கில் புகுந்துகொண்டது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. ராகு காலத்தில் விட்டதற்கு நீங்கள் கோபப்படுவீர்களா, சிரிப்பீர்களா?

இதைப் படிக்கிற சொந்தக்காரர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். மீன்கள் பூச்சியால் செத்தன. எங்கள் அப்பா நெஞ்சுவலியால் செத்தார். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடுகிறவர்கள் எங்கள் கடைக்கு வர வேண்டாம்.

நாளைக்குக் கொச்சியிலிருந்து புது மீன் வருகிறது. பின்னறையில் டப்பு தயாராக இருக்கிறது. யார் நல்ல நேரம் குறித்துக்கொண்டு வந்து நின்றாலும், அது அங்கே இருந்து, நான் பார்த்து, சரி என்ற பிறகுதான் தொட்டிக்குப் போகும். நீங்களே வந்து கேட்டாலும், பொறுங்கள் அப்பா என்றுதான் சொல்வேன்.

கடையைத் திறந்தே வைத்திருக்கும்
உங்கள் மகள்
முத்துச்செல்வி