இரண்டாவது விக்கெட் கீப்பர்

பிப்ரவரி 3, 1966, வியாழன்

காலையில் பனி. மில் மைதானத்தில் பிராக்டிஸ். சேதுவுக்குப் பந்து எறிந்து பிடிக்கப் பழக்கினேன். கிரிக்கெட்டுக்காகவே எனக்கு இந்தச் சர்க்கரை மில்லில் வேலை கொடுத்தார்கள், ஐந்து வருஷமாக ரிசர்வ் விக்கெட் கீப்பர். அதாவது சேது நிற்பதை உட்கார்ந்து பார்ப்பவன்.

சேது மேனேஜரின் மருமகன். பந்து வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். கேட்ச்சை விட்டுவிட்டு, "வெயில் கண்ணுல அடிக்குதுண்ணே." இன்று பனிமூட்டத்திலும் அதையே சொன்னான். கேப்டன் வரதன் ஆமாம் என்று தலையாட்டினார். அந்தத் தலைக்கு வேறு வேலை இல்லை.

மதியம் மேனேஜர் கூப்பிட்டார். "ஆடாத ஆளு டீம்ல எதுக்குய்யா? சிதம்பரம் மேட்ச் முடியட்டும். கம்மாபுரம் பக்கம் கரும்பப் பாத்துக்கப் போயிடு."

ஆட விடாதவரே அவர்தான். "சரிங்க சார்" என்றேன்.

பிப்ரவரி 5, சனி

சோப்பு, தேங்காயெண்ணெய், ராஜிக்கு இருமல் மருந்து. கம்மாபுரம் விஷயத்தை அவளிடம் சொன்னேன்.

"நான் வரல. புள்ளைக்கு இப்பதான் பள்ளிக்கூடம் புடிச்சிருக்கு. நீங்க மட்டும் போங்க."

இரவு ரசம் மட்டும்.

பிப்ரவரி 6, ஞாயிறு

திருப்பாதிரிப்புலியூரில் பாசஞ்சர். கிட் மூட்டை என் மடியில், சேது ஜன்னலோரம். அவன் மாமியார் கட்டிக் கொடுத்த இட்லி. பெட்டி முழுக்க மிளகாய்ப்பொடி வாசனை.

சிதம்பரத்தில் முதலில் நாங்கள் அடித்தோம், சுமார்தான். அவர்கள் அடிக்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் சேதுவின் விரலில் பந்து. விரல் கோணிக்கொண்டது. கூச்சமே இல்லாமல் அழுதான்.

மாற்று ஆள் கீப்பராக நிற்க எதிரணி கேப்டன் சம்மதிக்க வேண்டும். அவர் ஒரு டாக்டர். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இவரா? சோடா கொண்டாந்தவருதானே? தாராளமா நிக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். வரதனும்.

பிறகு டாக்டரே அடிக்க வந்தார். சுழல் பந்துக்கு இறங்கி வந்து மட்டையை வீசினார். தவறியது. பந்து என் கையில், அடுத்த கணம் ஸ்டம்ப் மேலிருந்த பெயில்ஸ் தரையில். அவுட். திரும்பிப் பார்த்தாரே, அந்த முகம்! அதற்காக இன்னும் ஐந்து வருஷம் சோடா தூக்கலாம்.

கடைசி விக்கெட்டும் என் கேட்ச்தான். ஜெயித்தோம். ஸ்கோர் எழுதுபவர் என் பெயரைக் கேட்கவில்லை. மாற்று ஆள்தானே, 'சப்' என்று எழுதிக்கொண்டார்.

பிப்ரவரி 8, செவ்வாய்

சேது வீட்டுக்கு வந்தான். கையில் கட்டு. உட்காரச் சொல்லவில்லை, அவனே உட்கார்ந்தான்.

"அண்ணே, எனக்குப் பந்துன்னாலே பயம்ண்ணே."

"அப்ப ஏன்டா இத்தன வருஷம் நின்ன?"

"மாமா ஆசப்பட்டாரு. கல்யாணம் ஆன புதுசு, எப்படிண்ணே முடியாதுன்றது? இப்ப சொல்லிட்டேன். கை சரியானாலும் நிக்க மாட்டேன், அண்ணன்தான் நிக்கணும்னு. கத்துனாரு. கம்மாபுரத்துக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்னுட்டாரு."

ராஜி கொடுத்த காப்பியை இடது கையால் வேட்டியெல்லாம் சிந்திக் குடித்தான்.

கோழை என்று நினைத்திருந்தேன். கோழைதான். ஆனால் மேனேஜர் முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை பேச எனக்கு என்றைக்கு வாய் வந்தது? நன்றி சொல்லியிருக்கலாம். "சிந்தாமக் குடிடா" என்றேன்.

பிப்ரவரி 13, ஞாயிறு

வெயில் இப்போதே சுள்ளென்று. விழுப்புரம் டீம் வந்து இறங்கிவிட்டதாம். நேற்று ஒட்டிய பட்டியலில் கீப்பர் என்று என் பெயர். இரண்டு தடவை போய்ப் பார்த்தேன்.

"ஏன் சாப்புடாம உக்காந்திருக்கீங்க?" ராஜி.

இன்று கேட்ச்சை விட்டால் திட்டுவதற்கு என்னைத் தவிர வேறு ஆள் இல்லை.

வாசலில் வரதன் சைக்கிள் மணி அடிக்கிறார். கிட் மூட்டையை அவரே எடுத்துக்கொள்கிறாராம்.