ஒல்லாந்தத் துரைசாணியின் விரற்கூடு

புரட்டாதி 24, வெள்ளி

தைக்கும்போது ஊசி குத்தாமல் விரலில் மாட்டும் என் பழைய பித்தளைக் கூட்டை, சரஸ்வதி பூசைக்கென்று மனைவி இன்று புளி போட்டுத் தேய்த்துவிட்டாள்! ஒல்லாந்தர், அதுதான் டச்சுக்காரர், ஆண்ட காலத்துத் துரைசாணி ஒருத்தி மாட்டியது என்று கரவெட்டி ஊர் முழுக்கச் சொல்லி வைத்த சாமான். நாளை கொழும்பிலிருந்து ஒருவர் அதைப் பார்க்கவென்றே வருகிறார். அதுவோ நேற்றுக் கடையில் வாங்கியது போல மினுங்குகிறது.

“ஊத்தையாக் கிடந்தது, மினுக்கினன். அதுக்கேனப்பா குதிக்கிறியள்?”

“முந்நூறு வருசத்து ஊத்தையடி அது!”

“முந்தநாள் இருநூறெண்டு சொன்னியள்.”

சோறும் வேண்டாம் என்று எழும்பி வந்துவிட்டேன். பழைய தையல் சாமான் சேர்ப்பதில் இலங்கையிலேயே எனக்கு நிகர் இல்லை; என் வீட்டிலேயே இந்த அநியாயம்! வருகிறவரிடம், துரைசாணிக்குத் தைக்கவே தெரியாது, வாங்கியபடியே பெட்டிக்குள் வைத்திருந்தாள் என்று சொல்லவேண்டியதுதான்.