பஸ்ஸில் நடு சீட்

அக்டோபர் 6, திங்கள்

மழை. திண்டிவனம் மாமியார் வீட்டுக்குப் போய்த் திரும்பினோம். நாத்தனார் சுதா தலைப்பிரசவத்துக்கு அங்கே வந்திருக்கிறாள். பஸ்ஸில் ஷட்டர் எல்லாம் மூடி. பக்கத்து சீட் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்தினார். டீசல் வாடையாகவும் இருக்கலாம். என்னால்தான் என்று தோன்றிவிட்டது. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றேன், விழுப்புரம் வரை. இவர், "உக்காரேன். ஏன் பேஜாரு பண்ற?"

மீன் வாடை. தண்ணீர் மாதிரி வெள்ளைப்படுதல். பாப்பா பிறந்து சில மாதம் கழித்து ஆரம்பம். மெடிக்கலில் அரிப்புக் களிம்பு கொடுத்தார்கள். அரிப்பே இல்லை எனக்கு. சொல்ல வெட்கம், வாங்கி வந்துவிட்டேன். அத்தை பழக்கியபடி குளிக்கிற தண்ணீரில் கிருமிநாசினி ஒரு மூடி. இப்போது நானாக இரண்டு மூடி, உள்ளேயும் கழுவுகிறேன். வாடை கூடத்தான் செய்கிறது. புற்றுநோயோ?

பாப்பாவைச் சாக்கு வைத்துத் தனியாகப் படுக்கிறேன். எம்.காம். படித்து என்ன.

வாங்க: கேப்பை மாவு, துணி சோப்பு.

அக்டோபர் 8, புதன்

லேடி டாக்டர். "உடம்பு சூடு" என்றேன். "காய்ச்சலா?" இல்லை என்று தலையாட்டினேன். பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"வாடை வருது டாக்டர். கீழ. மீன் மாதிரி."

சொல்லிவிட்டேன். கூரை இடியவில்லை.

பரிசோதனை. சின்னக் காகிதத்தில் தொட்டு நிறம் பார்த்தார். புற்றுநோய் இல்லை. பாக்டீரியா சமநிலை கெட்டிருக்கிறது. நிறையப் பேருக்கு வருமாம். கிருமிநாசினி ஊற்றி உள்ளே கழுவுவதையும் சொன்னேன்.

"உள்ள நல்ல கிருமி இருக்கும்மா, தயிர்ல இருக்கிற மாதிரி. உறை ஊத்தின பாத்திரத்துல யாராவது கிருமிநாசினி ஊத்துவாங்களா?"

"சுத்தமா இருக்கணும்னுதான்..."

"உள்ள அது தானே பாத்துக்கும். வெளிய வெறும் தண்ணி போதும்."

மாத்திரை ஒரு வாரம். பால் கொடுக்கலாம்.

வீடு வந்ததும் கிருமிநாசினி பாட்டில் முழுவதும் பாத்ரூம் தரைக்கு. இவரிடமும் சொன்னேன்.

"அடிப்பாவி! என் மேல கோவம்னு நெனச்சு ஒரு மாசமா துணியெல்லாம் மடிச்சி வச்சிக்கினு இருக்கேன்!"

மடிப்பதை நிறுத்த வேண்டாம் என்றேன்.

அக்டோபர் 16, வியாழன்

இல்லை. வாடை இல்லை! காலையிலும் பார்த்தேன், மாலையிலும். துணி காயவில்லை, பால் பொங்கிக் கொட்டியது, எதற்கும் கோபம் வரவில்லை.

சுதாவுக்குப் பையன்.

அக்டோபர் 26, ஞாயிறு

திண்டிவனம். சுதா குளிக்க வெந்நீர் தயார். அத்தை கையில் அதே கிருமிநாசினி, மூடி நிறைய. கூடத்தில் சின்னத்தை, பக்கத்து வீட்டுப் பெண்கள்.

"ஊத்தாதீங்க அத்தை."

"ஏன்?"

"அத போட்டுக் கழுவிக் கழுவித்தான் எனக்குக் கீழ நாத்தம் வந்துச்சு. டாக்டரே சொன்னாங்க."

என் குரல்தான். அவ்வளவு பேர் நடுவில்.

"தோ, விழுப்புரத்துலருந்து டாக்டரம்மா வந்துட்டாங்க!" என்றார் அத்தை.

உள்ளேயிருந்து சுதா: "எம்மா, எரியுது எரியுதுன்னு சொல்லிக்கினே இருக்கேன், நீ கேக்கல. அண்ணி சொல்றதயாவது கேளு!"

அத்தை மூடியிலிருந்ததைப் பாட்டிலிலேயே திரும்ப ஊற்றினார். முகத்தைத் தூக்கிக்கொண்டுதான்.

கிளம்பும்போது சின்னத்தை வாசல்வரை வந்து, மெல்ல: "அந்த டாக்டர் எந்தத் தெரும்மா?"

திரும்பும்போது மழை. மூன்று பேர் சீட். ஜன்னலோரம் இவர், இந்தப் பக்கம் யாரோ ஒரு அம்மா. நடுவில் நான், மடியில் பாப்பா. ஷட்டர் எல்லாம் மூடி. விக்கிரவாண்டி டோல்கேட் எப்போது போனதென்று தெரியாது. தூங்கியிருக்கிறேன்.