வட்ட முத்திரைத் தாள்

வல்லக்கோட்டை
3-2-1986

மரியாதைக்குரிய ராஜம்மா டீச்சர் அம்மாவுக்கு, கனகத்தின் அப்பா நாகப்பன் எழுதிக்கொள்வது. நலம். தங்கள் நலம் அறிய ஆவல்.

என் எழுத்து கோணலும் மாணலுமாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். அறுபத்தெட்டு வயதில் முதியோர் வகுப்பில் சேர்ந்து படித்த எழுத்து. உங்கள் விலாசத்தை ஸ்கூலில் கேட்டு வாங்கினேன். இந்த ஒரு பக்கத்துக்கு மூன்று நாள் ஆயிற்று. ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை அம்மா. பஸ் போர்டு, தீப்பெட்டி, மளிகைக்கடைப் பொட்டலம் எதையும் விடுவதில்லை.

நீங்கள் ஸ்ரீபெரும்புதூர் ஹைஸ்கூலில் கணக்கு நடத்தியபோது, கனகம் தினமும் வந்து உங்கள் கதைதான் சொல்லுவாள். முழங்கையைப் பலகையில் ஊன்றி ஒரே வீச்சில் வட்டம் போடுவீர்களாம். லேட்டாக வரும் பெண்களை 'வாங்க கலெக்டரம்மா' என்று கூப்பிடுவீர்களாம். இன்றைக்கும் அவள் முழங்கையைத் தரையில் ஊன்றித்தான் கோலத்தில் வட்டம் போடுகிறாள். உங்கள் பெயரை மட்டும் பதினாறு வருஷமாகச் சொல்லுவதில்லை.

காரணம் ஒரு தாள். 1970 மே மாதம் லீவில், பள்ளியிலிருந்து என் பெயருக்குத் தபாலில் வந்தது. அப்போது நான் பஞ்சாயத்து ஆபீசில் பியூன். படிக்கத் தெரியாவிட்டாலும் எந்தத் தாளையும் பார்த்த பார்வையில் சொல்லுவேன் என்று அங்கே எனக்குப் பெயர். அச்சடித்த தாள், நடுவில் மையால் நிரப்பிய கோடுகள், அடியில் வட்ட முத்திரை என்றால் வெளியேற்றும் நோட்டீஸ். எத்தனையோ வீடுகளில் அதைக் கொடுத்து, அழுகையைப் பார்த்திருக்கிறேன். இந்தத் தாளும் அப்படியே இருந்தது. கீழே நீளமான வாலோடு உங்கள் கையெழுத்து. மாதாமாதம் கனகத்தின் மார்க்கு அட்டையில் அதன் பக்கத்தில்தானே கைநாட்டு வைத்தேன்? உடனே தெரிந்துவிட்டது.

யாரிடமும் காட்ட வெட்கம். கனகத்திடம், 'ஸ்கூல்ல உன் பேரை அடிச்சிட்டாங்க, உன் டீச்சரே கையெழுத்துப் போட்டிருக்காங்க, கிழிச்சுப் போட்டேன்' என்று சொன்னேன். ஆனால் கிழிக்கவில்லை.

போன வாரம் டிரங்குப் பெட்டியில் அது கிடைத்தது. படித்தேன். பார்த்து எழுதுகிறேன்: 'என் மகள் நா. கனகம் காஞ்சிபுரத்து விடுதியில் செலவின்றித் தங்கிப் பதினோராம் வகுப்பு படிக்கச் சம்மதிக்கிறேன். தகப்பனார் கையொப்பம் அல்லது கைநாட்டு.' அந்த இடம் காலியாக இருக்கிறது.

நீக்கம் என்ற சொல் எங்கேயும் இல்லை. பின்பக்கமும் பார்த்தேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் புதிதாகப் படித்தவன்; தப்பாகப் படித்திருப்பேன். சரியாகப் படித்துச் சொல்லுங்கள் அம்மா.

இப்படிக்கு,
நாகப்பன்


வாலாஜாபாத்
10-2-1986

அன்புள்ள நாகப்பன் அவர்களுக்கு,

ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லாமல் படித்திருக்கிறீர்கள்.

அந்தக் கோடையில் எனக்கு வேலூருக்கு மாற்றல் வந்தது. அவள் படிப்பு நிற்கக்கூடாது என்று, போகுமுன் நான் கையெழுத்துப் போட்டு, உங்களுக்கு அனுப்பும்படி பள்ளி ஆபீசில் கொடுத்த தாள் அது. ஜூனில் விடுதிக்கு எழுதிக் கேட்டேன். தகப்பனார் சம்மதம் வரவில்லை என்றார்கள். அவளுக்குக் கல்யாணம் செய்து வைத்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். அதற்கு ஐந்து வருஷம் கழித்து ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்துக் கூப்பிட்டேன். திரும்பவே இல்லை. நான் என்ன செய்தேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது. அதை மறைத்து எழுத மனமில்லை. அவளிடம் நீங்களே சொல்லுங்கள்.

இன்னுமா முழங்கையை ஊன்றி வட்டம் போடுகிறாள்?

ராஜம்மா


வல்லக்கோட்டை
20-2-1986

மரியாதைக்குரிய டீச்சர் அம்மாவுக்கு, நாகப்பன் எழுதிக்கொள்வது.

ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிட்டேன். கனகம் பென்னலூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் லைனில் நின்று சாமான் பூட்டும் வேலை பார்க்கிறாள். அன்றைக்கு லீவு. தாளை நின்றபடியே படித்தாள்.

"இன்னாப்பா இது? கிழிச்சுட்டேன்னு சொன்னியே?"

"சொன்னேம்மா."

"யாராண்டயாவது குட்த்துப் படிக்கச் சொல்றதுக்கு இன்னா?"

"பேப்பரைப் பார்த்தே சொல்றவன்னு ஊர்ல எனக்குப் பேரு..."

சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். "பஸ் ஸ்டாண்டுல டீச்சர் கூப்ட்டாங்கப்பா. பஸ் வர்ற வரைக்கும் மூஞ்சைத் திருப்பிக்கினு நின்னேன்."

படிப்பு போனதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பிறகு மூன்று நாளும் சோற்றை வைத்துவிட்டுப் பேசாமல் போனாள். படிக்கத் தெரிந்ததற்குச் சந்தோஷப்படுவதா, தெரியாமலே இருந்திருக்கலாமா என்று எனக்குக் குழப்பம்.

இன்று காலை ஷிப்டுக்குப் போகும்போது உங்கள் விலாசம் கேட்டாள். என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். நான் எழுதி அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"கோணலா கீது. டீச்சர் எப்டித்தான் படிச்சாங்களோ."

"நானும் வரட்டுமா?"

"நீ வேணாம்."

வருகிற ஞாயிறு உங்களைப் பார்க்கத் தனியாக வருகிறாள். அந்தத் தாளையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். காலி இடத்தில் கையெழுத்துப் போடட்டுமா என்ற கேள்வி வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை.

அவள் அங்கே என்ன பேசினாள் என்று எனக்கு எழுத வேண்டாம் அம்மா. அது உங்கள் இருவருக்குள் இருக்கட்டும். திரும்பி வந்து என்னிடம் பேசினாளா என்பதை மட்டும் நான் அடுத்த வாரம் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
கனகத்தின் அப்பா
நாகப்பன்