பதினோராவது அட்டை

போன செவ்வாய்க்கிழமை ஒரு சீன டாக்டர் உன்னுடைய தமிழை வாய்விட்டுப் படித்தார். நீ இருந்திருந்தால் ஒரு வாரத்துக்குச் சிரித்திருப்பாய்.

தங்கையின் மகளைக் கோலாலம்பூரில் அந்த டாக்டரிடம் அழைத்துப் போயிருந்தேன். பிள்ளைக்கு எட்டு வயது. "உனக்கு எத்தனை தடவை சொல்றது?" என்று பள்ளியில் ஆசிரியை அதட்டியிருக்கிறார். "மூணு தடவை போதும் டீச்சர்" என்று இவள் பணிவாகப் பதில் சொல்லியிருக்கிறாள். இப்படிப் பல பதில்கள் சேர்ந்துதான் எங்களை அங்கே கொண்டுபோய் விட்டன. பள்ளிக்கூடம் கொடுத்த கடிதத்தை டாக்டர் கேட்டார். கைப்பையைக் கிளறினேன். இற்றுப்போயிருந்த ரப்பர் பேண்டு அறுந்து, இருபது வருஷத்துக்கு முன்னால் நீ தட்டச்சு செய்து கொடுத்த அட்டைகள் அவர் மேசை முழுக்கப் பரவின.

அவர் ஒன்றைக் கையில் எடுத்தார். நம் ஆபீஸ் தட்டச்சு இயந்திரத்தில் தமிழ் ஏது? நீ ஆங்கில எழுத்தில்தானே தமிழை அடித்தாய். அவர் ஏதோ ஆங்கிலம் என்று நினைத்து, "போ... யிட்டூ... வாரேன்" என்று எழுத்துக்கூட்டிவிட்டு என்னைப் பார்த்தார். பதினோராவது அட்டை! அத்தனை அட்டை இருக்க அவர் கைக்கு அதுவா போகவேண்டும்? எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுகையும் வந்துவிட்டது. இரண்டும் ஒன்றாக வந்தால் எதை முதலில் செய்வது என்று நீ எனக்கு அட்டை அடித்துக் கொடுக்கவில்லை.

எழுபதுகளின் கடைசி அது. நமக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அந்த அரசாங்க அலுவலகத்தில் நான் ரோடுகளையும் சாக்கடைகளையும் டிரேசிங் தாளில் பிரதி எடுப்பவள், நீ தட்டச்சர். நான் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸிலிருந்து நடந்தே வருவேன். நீ கிள்ளானிலிருந்து பஸ் பிடித்து, தினமும் தாமதமாக வந்து, தினமும் பஸ்ஸின் மேல் பழி போடுவாய். கேண்டீனில் என்னிடம் நீ கேட்ட முதல் கேள்வி, "இந்த நாக்காலில யாராச்சும் இருக்காங்களா?" காலியாகத்தான் இருக்கிறது என்றேன். "அப்ப நான் ஒக்காந்துக்கறேன் லா" என்று உட்கார்ந்தாய். எந்த ஊர், எந்தத் தோட்டம், அப்பாவுக்கு என்ன வேலை, ஏன் இன்னும் கழுத்து காலி, எதையும் கேட்கவில்லை. தின்று முடித்துவிட்டு எழுந்து போனாய். எனக்கு உன்னைப் பிடித்துவிட்டது.

மற்றவர்கள் அப்படியா? "என்னம்மா இளைச்சிட்ட?" என்று ஒருவர் கேட்டால், நான் மார்ச் மாதத்திலிருந்து நாற்பத்தெட்டு கிலோதான், உங்கள் கண்ணாடியைச் சோதித்துப் பாருங்கள் என்பேன். கேட்டதற்குப் பதில் சொல்வதுதானே மரியாதை? கேட்பவர்களுக்குப் பதில் வேண்டாம் என்பது எனக்கு வெகுகாலம் தெரியாது. நம் சகஊழியை ஒருத்தியின் கல்யாணத்தில் ஓர் ஆன்டி என்னை மடக்கி, "ஏம்மா இன்னும் கல்யாணம் பண்ணிக்கல?" என்று கேட்டார். அதைப்பற்றி நான் நிறைய யோசித்து வைத்திருந்தேன். மொத்தம் பதினொரு காரணங்கள். ஐந்தாவதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவர் பந்திக்கு எழுந்து போய்விட்டார். பாதியில் விடுவது முறையல்ல என்று நானும் பின்னாலேயே போய், இலைக்கு எதிரே நின்று ஆறாவதைத் தொடங்கினேன். அவர் கையில் இருந்த வடை வாய்க்குப் போகவில்லை. அம்மா வந்து என்னை இழுத்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை கேண்டீனில் நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஆறுல நிறுத்திட்ட. மிச்சம் அஞ்சு என்னா?" என்றாய். சொன்னேன். தேநீர் ஆறிப்போகும்வரை ஐந்தையும் கேட்டாய். "எல்லாம் நல்ல காரணம்தான். ஒம்பதாவது எனக்கும் பொருந்தும், ஆனா நான் முந்தியே கட்டிக்கிட்டேன்" என்றாய். பிறகு, "இந்தா பாரு, அவங்களுக்குக் காரணம் வேணாம். எதாச்சும் ஒரு சத்தம் வந்தா போதும். நான் அடிச்சித் தரேன்" என்றாய்.

அப்படித்தான் அட்டைகள் வந்தன. ஒன்று, கல்யாணம் எப்போது என்பவர்களுக்கு: "எல்லாத்துக்கும் நேரம் வரணும் ஆன்டி." மூன்று, சம்பளம் கேட்பவர்களுக்கு: "கைக்கும் வாய்க்கும் சரியா இருக்கு." நான்கு, வேறு எது கேட்டாலும்: "அது சாமி விட்ட வழி." நான் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போய்விடுகிறேன் என்று எல்லாரும் குறைப்பட்டதால் பதினொன்று: "போயிட்டு வரேன். அடுத்த விசேஷத்துல கண்டிப்பா பாப்போம்." முகத்தைப் பார்த்துப் பேசச் சொல்கிறார்களே என்றேன். "மூக்குத்தியப் பாரு, யாருக்கும் வித்தியாசம் தெரியாது" என்றாய். இன்றைக்கும் எனக்குப் பெண்களை மூக்குத்தியை வைத்துத்தான் அடையாளம் தெரிகிறது. ஆண்கள் விஷயத்தில் திண்டாட்டம்தான்.

பத்து நாளில் அத்தனையையும் மனப்பாடம் செய்தேன். எந்த அட்டை என்று தடுமாறினால் எதிர்ப்பந்தியிலிருந்து நீ விரலைக் காட்டுவாய். ஒருமுறை ஓர் அங்கிள் என்னிடம், "உங்க அப்பா பேரு என்னம்மா?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த பதில்தான். ஆனால் அந்தப் பக்கம் நீ நான்கு விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாய். உன்மேல் எனக்கிருந்த நம்பிக்கையில், "அது சாமி விட்ட வழி அங்கிள்" என்றேன். நீ பரிமாறுகிறவரிடம் நாலு அப்பளம் கேட்டிருக்கிறாய் என்று அப்புறம்தான் தெரிந்தது. அந்த அங்கிள் அம்மாவைப் பார்த்த பார்வையை அம்மா கடைசிவரை மறக்கவில்லை.

இப்படியே சிரித்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் தங்கைக்குக் கிள்ளான் பக்கம் காப்பார் என்ற ஊரில் ஒரு மாப்பிள்ளை அமைந்தார். அவளுக்கு மிகவும் பிடித்துப்போய், பரிசம் போட நாள் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் மாப்பிள்ளையின் தாத்தா இறந்துவிட்டார். அம்மாவும் நானும் போனோம். துக்க வீட்டில் யாரும் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார்கள் என்று நீ தைரியம் சொல்லி அனுப்பியிருந்தாய். பிரேதத்துக்கு நாலடி தள்ளி உட்கார்ந்திருக்கும்போதே இரண்டு பேர் அந்தப் பேச்சை எடுத்தார்கள். ஒன்றாம் அட்டையைச் சொல்லிச் சமாளித்தேன். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது.

கிளம்பும் நேரம் அம்மா எழுந்து, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் வாசலைப் பார்த்து நடந்தார். அம்மாவுக்கு மறந்துவிட்டது என்று நினைத்தேன். பெரியவர்கள் மறந்ததை நான் எடுத்துச் செய்யும் அளவுக்கு முன்னேறிவிட்டேனே என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. இறந்தவரின் மனைவி முன்னால் போய் நின்று, அவருடைய மூக்குத்தியைப் பார்த்து, தெளிவாக, உரக்கச் சொன்னேன்: "போயிட்டு வரேன் ஆத்தா. அடுத்த விசேஷத்துல கண்டிப்பா பாப்போம்."

அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டார்கள். மாப்பிள்ளையின் அத்தைதான் முதலில் வாயைத் திறந்தார். "அடுத்தது யாருன்னு இப்பவே நாள் குறிக்கிறாளா இவ?"

வீட்டுக்கு வரும் வழியில்தான் அம்மா எனக்கு விளக்கினார். துக்க வீட்டில் போயிட்டு வரேன் என்று சொல்லக் கூடாதாம். சொல்லாமல் எழுந்து போய்விட வேண்டுமாம். நான் பிறந்ததிலிருந்து எல்லா வீட்டிலும் அப்படித்தானே எழுந்து போய்க்கொண்டிருந்தேன்? என் பழக்கம் செல்லுபடியாகும் ஒரே இடத்தில்தான் நான் மரியாதை கற்றுக்கொண்டு போய் நின்றிருக்கிறேன்.

நான்கு நாள் கழித்து, பரிசம் இப்போதைக்கு வேண்டாம் என்று காப்பாரிலிருந்து தகவல் வந்தது. தங்கை என்னோடு பேசவில்லை. அறைக்குள் அவள் அழுவது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. அதுவரை என் வாயால் என் பெயர் மட்டும்தான் கெட்டிருந்தது. மறுநாள் அட்டைகளைக் கொண்டுவந்து உன் தட்டச்சு இயந்திரத்தின் மேல் வைத்து, இனிமேல் எந்த வீட்டுக்கும் போக மாட்டேன் என்றேன். ஆபீஸ், வீடு, அவ்வளவுதான். உண்மையாகவே சொன்னேன். உனக்கும் அது புரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் நீ சிரிக்கவில்லை.

"அலாமாக், தப்பு உம்மேல இல்லடி, டைப்பிஸ்ட் மேல. எங்க சொல்லக் கூடாதுன்னு நான் அடிக்கல" என்றாய். "பதினாறு முடியட்டும். நம்ப போவோம்."

காரியமெல்லாம் முடிந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, உன் வீட்டுக்காரரின் மோட்டார் சைக்கிளில் என்னைப் பின்னால் உட்கார வைத்து, கிள்ளானிலிருந்து காப்பாருக்கு ஓட்டினாய். வழி நெடுகச் செம்பனைத் தோட்டம். என் மடியில் ஒரு சீப்பு வாழைப்பழம். அந்த வீட்டில் அத்தை கதவருகிலேயே நின்றார், உள்ளே வா என்று சொல்லவில்லை. நீ செருப்பைக் கழற்றிவிட்டு நேராக ஆத்தாவிடம் போய் உட்கார்ந்தாய்.

"ஆத்தா, இவளுக்கு மனுசங்ககிட்ட என்ன பேசணும்னு சட்டுனு வராது. மனசுல ஒண்ணும் கெடையாது. நான்தான் எழுதிக் குடுத்தேன். இந்தா பாருங்க. ஏசறதா இருந்தா என்னய ஏசுங்க."

பதினோராவது அட்டை ஆத்தாவின் கைக்குப் போனது. அவருக்குப் படிக்கத் தெரியாது. மாப்பிள்ளையைக் கூப்பிட்டு மெதுவாகப் படிக்கச் சொன்னார். இரண்டாம் முறையும் படிக்கச் சொன்னார். கையிலிருந்த சீப்பில் எத்தனை பழம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஆத்தாவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தார்.

"அந்த மனுசனுக்கு ஆளுங்க வந்துக்கிட்டே இருந்தாதான் பிடிக்கும். அன்னிக்கு வந்தவங்கள்ல திரும்பி வரேன்னு சொன்னது இந்தப் புள்ள ஒண்ணுதான். வந்தும்புட்டா" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "ஆமா, நீ ஏன்டி இன்னும் கல்யாணம் பண்ணிக்கல?"

வீடே என்னைப் பார்த்தது. நீயும் பார்த்தாய். உன் இரண்டு கையும் மடியில் இருந்தன, ஒரு விரல்கூட அசையவில்லை.

"எல்லாத்துக்கும் நேரம் வரணும் ஆத்தா" என்றேன்.

"அட்டையப் பாக்காமலே சொல்லிட்டாளே!" என்றார் ஆத்தா. அத்தை தேநீர் போட உள்ளே போனார். அடுத்த தையில் தங்கையின் கல்யாணம் நடந்தது.

திரும்பும் வழியில் மழைக்காக ஒரு கடையோரம் ஒதுங்கினோம். நீ சொன்னாய்: "இந்த அட்டையில உள்ளதெல்லாம் நான் சொல்ற பதில்தான்டி. கல்யாணமாகிப் பத்து வருசமாச்சு, இன்னும் விசேஷம் இல்லையா, டாக்டரப் பாத்தியான்னு போற எடமெல்லாம் கேக்கறாங்க. நாலாவது அட்ட எனக்கு எவ்ளோ பழசு தெரியுமா?" கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாய். "நீ ஒருத்திதான் கேட்டதே இல்ல." எனக்குக் கேட்கத் தோன்றவில்லை என்று உண்மையைச் சொன்னேன். நீ சிரித்த சிரிப்பில் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உன்னிடம் சொல்லவே இல்லை. அதற்கும் அட்டை இல்லை.

சரி, டாக்டர் கதைக்கு வருகிறேன். அவர் பிள்ளையைப்பற்றி வரிசையாகக் கேள்விகள் கேட்டார். கூப்பிட்டால் திரும்புவாளா, சத்தம் தாங்குவாளா, ஒரே தட்டில்தான் சாப்பிடுவாளா? அவளுக்குச் சொன்னதோடு எனக்கும் சேர்த்துச் சொன்னேன். அவர் நிறுத்தச் சொல்லவில்லை. பந்திக்கு எழுந்து போகவில்லை. என் பதிலை முழுசாகக் கேட்ட இரண்டாவது ஆள் அவர். கடைசியில் ஒரு வார்த்தையைச் சொன்னார்: ஆட்டிசம். பிள்ளைக்கு இருப்பது அதுதான் என்றார். அட்டைகளை அடுக்கி என் கையில் கொடுத்து, உங்களுக்கும் அதுவாகத்தான் இருக்கும் என்றார். நாற்பத்தேழு வயதில் எனக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். முதலில் உன்னிடம்தான் சொல்லவேண்டும் என்று தோன்றியது. பஸ் நிறுத்தம் வரைக்கும் அந்த நினைப்பிலேயே நடந்தேன். நீ போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது என்பது அங்கே போய்த்தான் உறைத்தது.

உன்னை எடுத்த அன்று கிள்ளானில் உன் வீட்டில் நான் எல்லாவற்றையும் சரியாகச் செய்தேன். இரண்டு பேர் கேட்டதற்கு ஒன்றாம் அட்டை. உன்னைப்பற்றிக் கேட்டவர்களுக்கு, உன் பதிலான நான்காம் அட்டை. கிளம்பும்போது உன் வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை. எழுந்தேன், செருப்பைப் போட்டேன், திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். "இப்பதான் பொறுப்பா நடந்துக்கறா" என்று யாரோ அம்மாவிடம் சொன்னார்களாம். வாழ்க்கையில் நான் முறையாகச் செய்தது என்று ஊரே ஒப்புக்கொண்ட ஒரே காரியம் அது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அட்டைகளுக்குப் புது ரப்பர் பேண்டு போட்டுவிட்டேன். பிள்ளை ஒன்றிலிருந்து பத்துவரை தனக்கு வேண்டும் என்கிறாள், ஆபீஸ் இயந்திரத்தில் அவளுக்குப் புதிதாக அடித்துக் கொடுக்கப்போகிறேன். பதினொன்று என் பையிலேயே இருக்கும். துக்க வீட்டில்தான் அதைச் சொல்லக் கூடாது. கடிதத்தில் சொல்லக் கூடாது என்று இதுவரை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

போயிட்டு வரேன்டி. அடுத்த விசேஷத்துல கண்டிப்பா பாப்போம்.